பட்டாசுத் தொழிலாளியும் தலைவிதியும்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து மனிதர்கள் செத்துப்போனால், மறுநாள் பத்திரிகைகளில் வெளியாகும் சேதியை நாம் பல வருஷங்களாகப் படித்து வருகின்றோம். ஊரின் பெயரையும் செத்தவர் கணக்கையும் மாற்றிக்கொண்டால் போதும். மற்றபடி எல்லாம் ஒரே அச்சுத்தான். மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வினால் வெடித்தது என்றும், அறைகள் தரைமட்டமாயின என்றும், மந்திரிகள் அனுதாபம் தெரிவித்தார்கள் என்றும், செத்தவர் குடும்பத்துக்கு இத்தனை லக்ஷம் ரூபாய் உதவி என்றும் எழுதிவிட்டால் விஷயம் முடிந்துபோகின்றது.

செத்தவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாலோ, அங்கே வேறொரு காரணம் சொல்லப்படுகின்றது. "அவள் தலையெழுத்து அவ்வளவுதான். நேற்றெல்லாம் காய்ச்சல் என்று வீட்டில் கிடந்தவள் இன்றைக்கு என்று எழுந்து போனாளே, விதியல்லவா இழுத்துக்கொண்டு போயிற்று" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுகின்றார்கள்.

ஆகவே பத்திரிகை சொல்லும் காரணம் உராய்வு. வீட்டார் சொல்லும் காரணம் விதி. ஒன்று படித்தவர்கள் பேச்சு, மற்றொன்று பாமர மக்கள் பேச்சு என்று பார்வைக்குத் தோன்றும். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு பொருத்தம் இருக்கின்றது. இரண்டிலும் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. விதியைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. உராய்வின் கையில் விலங்கு மாட்டவும் முடியாது. ஆதலால் இரண்டு காரணமும் முதலாளிக்குச் சௌகரியமாகவே இருக்கின்றன. சொல்லப்போனால், படித்தவர்களுக்காகச் செய்யப்பட்ட புதிய தலைவிதிக்குத்தான் "உராய்வு" என்று பெயர் வைத்திருக்கிறார்களோ என்று சந்தேகிக்க வேண்டியிருக்கின்றது.

இந்த விதியின் யோக்கியதையைக் கொஞ்சம் கவனிப்போம். 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் 38 பேரைக் கொண்டுபோயிற்று. 2021-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. 2023-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி ஒரே நாளில் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலுமாகப் பத்துப் பேருக்கு மேல். 2024 பிப்ரவரி 17-ந் தேதி இராமுத்தேவன்பட்டியில் 10 பேர். 2025 ஜூலை 1-ந் தேதி சின்னக்காமன்பட்டியில் 8 பேருக்கு மேல். இவை பெரிய விபத்துக்கள். ஒருவர் இருவராகச் செத்த கணக்கு இதில் சேரவில்லை. இத்தனை இடத்திலும் விதி யாரைத் தேடி வந்தது? நாட்கூலிக்கும் உருப்படிக் கூலிக்கும் மருந்து அறைக்குள் உட்கார்ந்தவர்களையே தேடி வந்தது. கணக்கு எழுதும் மேஜையையும், லைசென்சு பெற்றவரின் வீட்டையும் அது எட்டிப் பார்ப்பதே அபூர்வமாக இருக்கின்றது. எல்லோர் தலையிலும் எழுதுகின்ற பிரம்மாவுக்கு, மருந்து அறைக்குள் உட்காருகின்றவன் தலையில் மட்டும் இப்படி எழுதும்படி யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

முதலிப்பட்டி ஆலைக்கும் அச்சங்குளத்து ஆலைக்கும் அம்மன் பெயர்தான் சூட்டப்பட்டிருந்தது. அதைச் சொல்லி யாரையும் நோகச் செய்வது நமது எண்ணமல்ல. பெயர்ப் பலகையில் யார் பெயர் இருந்தாலும் வெடியுப்புக்கும் கந்தகத்துக்கும் அது தெரியாது என்பதைத்தான் சொல்லுகிறோம். அவைகளுக்குத் தெரிந்தது சூடும், உராய்வும், ஈரமும், பொறியுந்தான். அந்த நான்கையும் பற்றி மனிதனுக்குத் தெரிந்திருந்தால் அவன் பிழைப்பான், தெரியாவிட்டால் சாவான். ஆகையால் தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவித்தார்களா என்பதுதான் கேள்வி.

பட்டாசு மருந்து என்பது என்ன? எரிகிற சாமான் ஒன்று. அது எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன்னிடத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும் உப்பு ஒன்று. கந்தகம், கரி, அலுமினியப் பொடி ஆகியவை முதல் வகை. வெடியுப்பும் பச்சை உப்பும் இரண்டாம் வகை. தனித்தனியாக இருக்கும்வரை இவை பெரும்பாலும் சாதுவாகக் கிடக்கும். ஒன்றாகக் கலந்துவிட்டால் வெளிக்காற்றுக்கூட வேண்டியதில்லை. ஒரு பொறி போதும். அந்தப் பொறி வருவதற்கு வழிகள் பல. இரும்புக் கரண்டியால் தேய்த்தால் வரும். சலிக்கும்போது சல்லடையில் ஒரு மணற்கல் கிடந்தால் வரும். நைலான் புடவை உடுத்திக்கொண்டு உலர்ந்த காற்றில் நடந்தால் உடம்பில் மின்சாரம் ஏறிக்கொள்ளும். அந்தக் கையோடு மருந்தைத் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத பொறி தாவும். பருத்தி உடுத்த வேண்டும், அறைக்குள் நுழையுமுன் தரையோடு இணைத்திருக்கும் உலோகத் தகட்டைத் தொட வேண்டும், தரையில் ரப்பர் விரிப்புப் போட வேண்டும், மரச்சாமானும் பித்தளைச் சாமானுமே உபயோகிக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

அன்றியும், அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடு கிளம்பும். மாலையில் மிச்சமான மருந்தை நாளைக்கு ஆகும் என்று மூடி வைத்துவிட்டுப் போனால், ராத்திரியில் அது தன்பாட்டுக்குச் சூடேறிக்கொண்டிருக்கும். காலையில் ஒரு பெண் போய் மூடியைத் திறந்து கையை வைக்கின்றாள். மறுநாள் பத்திரிகையில் "உராய்வு" என்று வெளியாகின்றது. உண்மையில் அவளைக் கொன்றது முந்திய நாள் மாலையில், "கொட்டினால் நஷ்டம், வைத்திரு" என்று சொன்ன வாயல்லவா? குளோரேட்டு உப்பையும் கந்தகத்தையும் சேர்த்தால் லேசான தேய்ப்பிலேயே பற்றிக்கொள்ளும். அந்தச் சேர்க்கையை 1992-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் தடுத்து உத்தரவு போட்டார்கள். இந்த ஒரு சங்கதியை மருந்து அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரைப் போல் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

நிற்க, ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்ற விதியை எடுத்துக்கொள்வோம். இது எல்லோருக்கும் தெரிந்த விதி. எல்லோரும் மீறுகின்ற விதியும் இதுவே. இதன் அர்த்தத்தை யாராவது தொழிலாளிக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார்களா? எவ்வளவு ஜாக்கிரதையாய் இருந்தாலும் என்றாவது ஒரு நாள் ஓர் அறை பற்றலாம் என்று ஒப்புக்கொண்டு, பற்றினால் அந்த அறையோடு நிற்கட்டும், பக்கத்து அறைக்குத் தாவாமல் இருக்கட்டும் என்று கணக்குப் பார்த்து, அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டு, கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்து, உள்ளே இருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழாமல் ஓடுவதற்காக நாலு பேர் என்று வைத்தார்கள். ஐந்தாவது ஆள் உட்காரும்போது அந்தக் கணக்கு கெடுகின்றது. அறைகள் போதாமல் மரத்தடியில் சாக்கை விரித்து மருந்து செலுத்தச் சொல்லும்போது கணக்கு முழுதும் பாழாகின்றது. அறைக்கும் அறைக்கும் நடுவில் வெறும் தரையாக விட்ட இடத்தில் மருந்தைப் பரப்பி வைத்தால், நெருப்பு நடந்து போவதற்கு நாமே பாலம் கட்டிக்கொடுத்தது போலத்தானே?

இதையெல்லாம் முதலாளிகள் அறியாதவர்கள் என்று சொல்ல முடியாது. இந்தத் தொழிலே படித்து வந்த தொழில். மழையை நம்பி மானம் பார்த்துக் கிடந்த கரிசல் பூமியிலிருந்து 1922-ம் வருஷ வாக்கில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு வாலிபர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கையால் செய்து கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பும், மத்தாப்பிலிருந்து பட்டாசும் வளர்ந்தன. 1940-ம் வருஷத்து வெடிமருந்து விதிகள் வந்தபின் லைசென்சு பெற்ற ஆலைகள் ஏற்பட்டன. இன்றைக்கு விருதுநகர் ஜில்லாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. இந்தியாவில் கொளுத்தும் பட்டாசில் மிகப் பெரும் பாகம் இங்கிருந்துதான் போகின்றது. இவ்வளவும் எதனால் வந்தது? பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்ததனால் வரவில்லை. தெரியாததை ஊர்விட்டு ஊர் போய்க் கற்றுக்கொண்டதனால் வந்தது. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் முதலாளி கல்கத்தாவுக்குப் போய்ப் படித்த தொழிலில், தொழிலாளிக்கு மட்டும் படிப்பு எதற்கு என்று கேட்பது என்ன நியாயம்?

ஒரு காலத்தில் இன்ன ஜாதியான் படிக்கக் கூடாது, பெண் படிக்கக் கூடாது என்று சொல்லிவைத்தார்கள். இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, "படிக்க நேரமில்லை, தீபாவளி வந்துவிட்டது, கையைப் பார்த்துப் பழகிக்கொள்ளட்டும்" என்கின்றார்கள். பலன் இரண்டிலும் ஒன்றுதான். அறிவு ஒருவனிடத்திலும், ஆபத்து மற்றொருவனிடத்திலும் போய்ச் சேருகின்றன.

சட்டம் இல்லையா என்றால், இருக்கின்றது. 1984-ம் வருஷம் டிசம்பரில் போபால் நகரத்தில் விஷவாயு கிளம்பி ஆயிரக்கணக்கானவர்கள் மாண்ட பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தொழிலாளிக்குப் போதனையும் பயிற்சியும் மேற்பார்வையும் கொடுப்பது முதலாளியின் கடமை என்றும், தன் வேலையிலுள்ள ஆபத்தைத் தெரிந்துகொள்ளுவதும் பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்றும் அதில் எழுதிச் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ம் வருஷத்துத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் அமுலுக்கு வந்திருக்கின்றது. அதிலும் முதலாளியின் அந்தக் கடமை எழுதப்பட்டிருக்கின்றது. சிவகாசியில் சர்க்காரின் தொழிலகப் பாதுகாப்பு இலாகா பட்டாசுத் தொழிலாளருக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கின்றது. ஆகவே சட்டமும் இருக்கின்றது, கட்டடமும் இருக்கின்றது. இல்லாதது என்ன?

இதைத் தெரிந்துகொள்ளச் சில மாதங்களுக்கு முன் வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பதினைந்து வருஷமாக வெடி ஆபீசுக்குப் போய்வரும் ஓர் அம்மாளைக் கேட்டோம். அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்:

"பயிற்சின்னு ஒரு தடவை பேரு எழுதிக்கிட்டுப் போனாக, அண்ணாச்சி. போனா அன்னைக்குக் கூலி கெடையாதுன்னு போர்மேன் சொல்லிட்டாரு. ஒரு நாள் கூலியை யாரு வுடுவா? நாங்க யாரும் போகல. கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தோம்."

"அறைக்கு நாலு பேர்தான் என்று தெரியுமா, அம்மா?"

"தெரியாம என்ன? அதிகாரி வாராருன்னா எங்களையெல்லாம் பின்னால ஓடச் சொல்லிருவாகளே. அதுலதான் தெரியும்."

"ஐந்தாவது ஆளாக உட்கார மாட்டேன் என்று சொன்னால்?"

"நாளைக்கு வேன் எங்க தெருவுக்கு வராது, அண்ணாச்சி."

தோழர்களே! இந்த மூன்று பதில்களிலும் முழு விஷயமும் அடங்கியிருக்கின்றது. அந்த அம்மாளுக்கு விதி தெரியும். அதிகாரி வரும்போது ஓடி ஒளிய வேண்டும் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பயிற்சி. பயிற்சி நாளுக்குக் கூலி இல்லை; பயிற்சி பெற்றாலும் அதன்படி நடக்க அதிகாரம் இல்லை. இந்த இரண்டும் இல்லாத பயிற்சி, நீந்தத் தெரிந்தவனைக் கையைக் கட்டிக் கிணற்றில் போடுவது போன்றதேயாகும்.

இதற்கு முதலாளிமார்கள் சொல்லும் சமாதானங்களையும் கவனிக்க வேண்டியது நியாயம். முதலாவது, "தொழிலாளர்களே கவனக்குறைவாக இருக்கிறார்கள், சொன்னாலும் கேட்பதில்லை" என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. தினமும் நெருப்போடு புழங்குகிறவனுக்கு நாளடைவில் பயம் விட்டுப்போகின்றது. ஆனால் அவன் ஏன் அவசரப்படுகிறான்? இத்தனை உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று பேசியிருப்பதால் அவசரப்படுகிறான். தகட்டைத் தொட்டுவர அரை நிமிஷம், சல்லடையைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிஷம், மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமாக எடுத்துவரப் பத்து நடை என்றால், ஜாக்கிரதையின் விலை முழுதும் தொழிலாளியின் கூலியிலிருந்து கழிகின்றது. அவசரத்துக்குக் கூலி கொடுத்துவிட்டு, நிதானம் இல்லையே என்று குற்றம் சொல்லுவது எப்படிப் பொருந்தும்? மருந்து கலக்கின்ற, செலுத்துகின்ற வேலைகளுக்காவது உருப்படிக் கூலியை ஒழித்து நாட்கூலி ஏற்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பாடமும் காதில் ஏறாது.

இரண்டாவது, "சிறு ஆலைக்காரர்கள் எப்படிச் செலவு தாங்குவார்கள்?" என்கிறார்கள். சிறு ஆலைகள் பல, லைசென்சு ஒருவர் பெயரிலும் நடத்துவது வேறு பலர் கையிலுமாக, அறை அறையாக உள்குத்தகைக்கு விடப்படுகின்றன. அச்சங்குளத்திலும் அப்படியே ஒரே ஆலையைப் பலருக்குப் பிரித்துக் குத்தகைக்கு விட்டிருந்தது வெளிவந்தது. அந்த விபத்தைப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் கமிட்டி போட்டு விசாரித்தது. குத்தகைக்காரனுக்கு இந்த சீசன் முடிவதற்குள் போட்ட பணம் திரும்ப வேண்டும். அடுத்த வருஷம் அந்த அறை யாருக்கோ. இப்படிப்பட்டவன் தொழிலாளிக்குப் பாடம் சொல்லித்தருவான் என்று எதிர்பார்ப்பது வீண். ஆகையால் முதற்பாடம் நடத்த வேண்டியது லைசென்சுக்காரருக்கும் போர்மேனுக்குமே. உள்குத்தகையை அடியோடு நிறுத்தாமல், கூலிக்காரப் பெண்ணை உட்காரவைத்துப் படம் காட்டுவது கண்துடைப்பேயாகும்.

மூன்றாவதாக, நம் தோழர்களில் சிலரே, "தீபாவளிப் பட்டாசு என்பதே மூடத்தனம், புகையும் காசும் நாசம், அத்தொழில் ஒழிந்தால் நல்லது" என்கிறார்கள். தீபாவளியைப் பற்றி நமது அபிப்பிராயம் எல்லோருக்கும் தெரிந்ததே. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு பச்சை உப்பைத் தடுத்ததும், புகை குறைந்த பட்டாசுகளையே செய்யும்படி சொன்னதும் நல்லதற்கே. ஆனால் வேறு பிழைப்புக்கு வழி காட்டாமல் தொழிலை ஒழி என்று மட்டும் சொன்னால், பட்டாசு ஆலை அறையிலிருந்து அகன்று வீட்டுத் திண்ணைக்குப் போகும். குழந்தை தூங்கும் தொட்டிலுக்குப் பக்கத்தில் திரி போடுவார்கள். தொழில் இருக்கும்வரை தொழிலாளியின் உயிருக்கு ஜவாப்தாரி உண்டு என்பதுதான் நமது கக்ஷி.

சட்டம் மனசு வைத்தால் எதுவும் நடக்காது என்று சோர்ந்துபோகிறவர்களும் உண்டு. விடியுமுன் வேன் வந்து குழந்தைகளைத் தூக்கத்தோடு ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போன காலம் இந்த ஜில்லாவில் வெகு தூரத்தில் இல்லை. அன்றைக்கும் அது ஏழைகளின் விதி என்றுதான் சொன்னார்கள். 1996-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் செய்தது. அதோடு பள்ளிக்கூடமும், பகல் சாப்பாடும், ஜனங்களின் கூச்சலும் சேர்ந்தபோது அந்த விதி மெள்ள மெள்ள மாறிற்று. மாற்றக்கூடியது எதுவும் விதியாகாது.

சுரங்கத் தொழிலைப் பாருங்கள். 1965-ல் பீகாரில் டோரி என்ற நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 268 பேர் மாண்டார்கள். மறு வருஷம், 1966-ல், சுரங்கப் பயிற்சி விதிகள் வந்தன. முதலில் பயிற்சி, பிறகுதான் சுரங்கத்துக்குள் இறங்கும் வேலை என்பது அதன் சாரம். பூமிக்கு அடியில் போகிறவனுக்கு வேண்டியது, வெடிமருந்தைக் கையால் அளைகிறவளுக்கு வேண்டாமா? நேற்று ஆட்டுக்குப் போன பெண்ணை இன்றைக்குக் காலையில் வேனில் ஏற்றி, பத்து மணிக்கு மருந்து அறையில் உட்கார வைப்பதை எந்த நியாயத்தால் சகிப்பது?

அமெரிக்காவில் பிராண்டிவைன் என்ற ஆற்றங்கரையில் 1802-ல் டூபாண்ட் என்ற குடும்பத்தார் துப்பாக்கி மருந்து ஆலை வைத்தார்கள். மூன்று பக்கம் கனத்த கற்சுவர் எழுப்பி, ஆற்றைப் பார்த்த நாலாவது பக்கத்தையும் கூரையையும் லேசாக விட்டார்கள். வெடித்தால் வேகம் ஆற்றுப் பக்கம் போகட்டும் என்று. புதிதாய்க் கட்டிய ஆலையில் முதலாளி வர்க்கத்தில் ஒருவர் தாமே ஓட்டிக் காட்டாமல் எந்தத் தொழிலாளியும் உள்ளே போகக் கூடாது என்று விதி வைத்தார்கள். குடும்பத்தோடு ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். 1818-ல் பெரிய வெடி நேர்ந்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். 1857-ல் முதலாளி குடும்பத்தில் ஒருவரே வெடியில் மாண்டார். அவர்கள் தர்மவான்கள் என்று நாம் சொல்லவில்லை. தங்கள் வீடும் பிள்ளைகளும் அதே மதிலுக்குப் பக்கத்தில் இருந்ததால் விதியை நம்பிச் சும்மாயிருக்க அவர்களுக்குத் தைரியம் வரவில்லை என்றுதான் சொல்லுகிறோம். மருந்து கலக்கும் நேரத்தில் லைசென்சு பெற்றவர் அந்த ஆலைக்குள் இருந்தே தீர வேண்டும் என்று இங்கேயும் ஒரு விதி வைத்தால், நாலு பேர் விதி மறுநாளே அமுலுக்கு வந்துவிடும் என்பது நமது உறுதி.

இன்னொரு பாடமும் உண்டு. அது ஆலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு. முதலிப்பட்டியில் செத்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். முதலில் நெருப்பைக் கண்டு, உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஜனங்கள். அவர்கள் வந்து சேர்ந்த பிறகு பெரிய வெடி வெடித்தது. விதி மீறல்களுக்காக அந்த ஆலையின் லைசென்சு அதற்கு முன்பே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாகவும் சேதிகள் வந்தன. ஐரோப்பாவில் ஹாலந்து தேசத்தில் என்ஷெடே நகரத்தில் 2000-ம் வருஷம் மே 13-ந் தேதி வாணக் கிடங்கு ஒன்று பற்றி, 23 பேர் மாண்டார்கள். அவர்களில் 4 பேர் தீயணைக்க வந்தவர்கள். 400 வீடுகள் போல் அழிந்தன. லைசென்சில் எழுதியதற்கு மேலான சாமான் உள்ளே இருந்தது பின்னால்தான் வெளிப்பட்டது. படித்த தேசத்திலும் உண்மையை மறைத்தால் இதுதான் பலன். ஆகவே பட்டாசு ஆலை உள்ள ஒவ்வொரு கிராமத்திலும், எந்த ஆலையில் எவ்வளவு மருந்து இருக்கிறது, தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எவ்வளவு தூரம் விலக வேண்டும், வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதற்கொண்டு தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது அதிகமொன்றும் இல்லை. பயிற்சி பெறாதவர் எவரும் மருந்து அறைக்குள் போகக் கூடாது. பயிற்சி நாளுக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும். பாடம், பேச்சுத் தமிழில், கையால் செய்து காட்டுவதாக, எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் விளங்குவதாக இருக்க வேண்டும். முடிவில் கையெழுத்து வாங்குவதற்குப் பதில் அவரையே செய்து காட்டச் சொல்ல வேண்டும். மருந்து வேலைக்கு நாட்கூலி வேண்டும். உள்குத்தகைக்கு விட்ட ஆலையின் லைசென்சு திரும்பக் கிடைக்காமல் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தாவது ஆளாக உட்கார மறுத்தவருக்கு வேலை போகாது என்ற பந்தோபஸ்து வேண்டும். விபத்துக்குப் பிறகு கொடுக்கும் லக்ஷங்களில் ஒரு சிறு பங்கை முன்னதாகச் செலவிட்டாலே இவ்வளவும் நடக்கும். பிணத்துக்குக் கொடுக்கக் கையிலிருக்கும் பணம், உயிரோடு இருப்பவளுக்குக் கொடுக்க மட்டும் இல்லாமற் போவது எப்படி?

நம் இயக்கத் தோழர்களுக்கும் வேலை இருக்கின்றது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் தாலூகாக்களிலுள்ள நமது வாசகசாலைகளில் வாரம் ஒரு நாள் இரவு, வேன் திரும்பிய பிறகு, பெண்களும் வந்து உட்காரும்படியாக இந்த விதிகளை ஒருவர் உரக்கப் படித்து மற்றவர்களுக்கு விளக்கலாம். ஏன் பருத்தி உடுத்த வேண்டும், ஏன் மிச்ச மருந்தை வைக்கக் கூடாது, ஏன் நாலு பேர் என்று காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் தெரிந்தவன் காவலாள் இல்லாதபோதும் விதியைக் காப்பான். ஆயுத பூஜை நாளில் ஆலைச் சாமான்களுக்குச் சந்தனம் பூசிச் சூடம் கொளுத்துகிறார்கள். அதே நாளில் தரையோடு இணைத்த கம்பி அறுந்திருக்கிறதா, கதவு தாராளமாக வெளியே திறக்கிறதா, விரிப்புக் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கும்படி தொழிலாளர்கள் நாலு பேராகச் சேர்ந்து கேட்கட்டும். சாமானுக்குச் செய்யும் மரியாதையைச் சாமானைப் பிடிக்கும் கைக்கும் செய்யச் சொல்லுவது தவறாகாது.

அடுத்த முறை ஒரு வீட்டு வாசலில் "விதி" என்று யாராவது சொன்னால், தோழர்களே, அழுகின்ற அந்தத் தாயோடு வாதாட வேண்டாம். அது மனிதத் தன்மையல்ல. பக்கத்தில் நிற்கும் அண்ணன் தம்பிமாரைத் தனியே அழைத்து, "அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள்? லைசென்சு யார் பெயரில்? நடத்தியது யார்? முந்திய நாள் மருந்து மிச்சம் இருந்ததா? உங்கள் பெண்ணுக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள். கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஐந்து கேள்விக்கும் ஊர்தோறும் பதில் எழுதப்பட்டுவிட்டால், உராய்வையும் விதியையும் விட்டுவிட்டு உண்மையான காரணத்தைப் பத்திரிகைகளும் அச்சடிக்கத்தான் வேண்டியிருக்கும்.